டக டக சத்தம் இன்ஜினா, புல்லியா? பழைய சிட்டிக்கு கிராங்க் புல்லி மாற்றும் கதை

எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய 2001 ஹோண்டா சிட்டி 1.5 இப்போது அவர் கையில். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, டக டக என்று சத்தம். ஏ.சி. போட்டால் பெல்ட் கத்துகிறது. சில நாள் பேட்டரி லைட் மினுக் மினுக் என்கிறது. ஒரு ஷெட்டில் "பிக்-எண்ட் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று 45,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். பிக்-எண்ட் என்பது பிஸ்டன் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடம். இன்னொரு மெக்கானிக் கிராங்க் புல்லியை, அதாவது கிராங்க் தண்டின் முனையில் பெல்ட்டை ஓட்டும் சக்கரத்தை, மாற்றினால் போதும் என்கிறாராம். யார் சொல்வது சரி? புல்லிதான் என்றால் வாசலிலேயே வைத்து மாற்றலாமா? அலுமினியப் புல்லி போட்டால் பிக்கப் ஏறும் என்கிறார்களே, உண்மையா? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி பம்பர் வரை எண்ணெய்த் தண்ணீரில் நின்றது என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார். அந்த வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தம்பி, எனக்கு வியாசர்பாடி தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை. அதற்கு முன்னால் தண்டையார்பேட்டையில் ஒரு கார் ஷெட்டில் ஒன்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தேன். புல்லி வேலையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன், கழற்றிய கையாகவும், அடுத்தவர் கழற்றிக் கெடுத்ததைச் சரிசெய்த கையாகவும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஒயிட்னர் பேனா வாங்குங்கள். சாக்பீஸும் ஆகும், ஆனால் எண்ணெய் மேல் நிற்காது. இன்ஜினை அணைத்துவிட்டு, இடது பக்க முன் சக்கரத்தை ஒடித்து வைத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால் அதைக் கழற்றுங்கள். உங்கள் சிட்டியில் புல்லி டிரைவர் பக்கம் இல்லை, இடது பக்கம்தான். நடுவில் பெரிய போல்ட், அதைச் சுற்றி இரும்பு மையம், அதற்கு வெளியே மெல்லிசாக ஒரு கறுப்பு ரப்பர் வளையம், அதற்கும் வெளியே பெல்ட் ஓடும் கனமான வளையம். புல்லி என்பது ஒரே உருட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு இரும்பு, நடுவில் ஒரு ரப்பர். மையத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒயிட்னரால் நேராக ஒரு கோடு போடுங்கள். துடைத்துவிட்டுப் போட்டால்தான் ஒட்டும்.

பிறகு இரண்டு நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். ஏ.சி. போட்டு மணலி வரை ஒரு நடை போய் வாருங்கள். ஆயில் லைட் எரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள், அது வேறு வியாதி. திரும்ப வந்து டார்ச் அடியுங்கள். கோடு ஒரே நேராக இருந்தால் ரப்பர் பிடித்திருக்கிறது. மையத்தில் இருக்கும் கோடு பன்னிரண்டு மணியிலும் வெளி வளையத்துக் கோடு நான்கு மணியிலும் நின்றால், தீர்ப்பு வந்துவிட்டது. ரப்பர் விட்டுவிட்டது, வெளி வளையம் தனியாக வழுக்கிச் சுற்றுகிறது. பெல்ட் கத்துவதும் பேட்டரி லைட் மினுக்குவதும் அதனால்தான். ஏ.சி. கம்ப்ரசர் பாரம் ஏறும்போது வளையம் பின்தங்கும், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குப் போக வேண்டிய சுற்று குறையும்.

அந்த டக டக சத்தத்தையும் பிரித்துப் பார்த்துவிடலாம். ரப்பர் விட்ட வளையம் ஆடி மையத்தில் இடிக்கும்போது வரும் சத்தம், பிக்-எண்ட் சத்தத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அனுபவமுள்ள காதே ஏமாறும், அதனால் அந்த ஷெட்காரரை நான் உடனே திருடன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜினை இறக்கச் சொல்வதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும்: ஐடிலிங்கில், சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவது. எந்த சிலிண்டரின் பேரிங் போயிருக்கிறதோ, அந்த சிலிண்டர் எரியாதபோது சத்தம் தெளிவாக அமுங்கும். புல்லி சத்தத்துக்கு எந்த சிலிண்டரும் கணக்கில்லை, நான்கிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். அடுத்தது, பெல்ட்டுகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது. இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப் உள்ளே டைமிங் பெல்ட்டில் (வால்வுகளைக் கிராங்கோடு ஒத்து ஓட்டும் பெல்ட்) ஓடுகிறது, அதனால் அந்த ஒரு நிமிஷத்தில் சூடாகிவிடாது. சத்தம் அப்படியே நின்றுவிட்டால் புல்லி, ஆல்டர்னேட்டர் பேரிங், கம்ப்ரசர் பேரிங் என்று வெளியே தேடுங்கள். இன்ஜினைத் தொட வேண்டாம்.

இனி அந்த ரப்பர் எதற்கு என்று பார்ப்போம். அலுமினியப் புல்லி கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஐடிலிங் நிமிஷத்துக்கு 750 சுற்று என்று வைத்தால் செகண்டுக்கு 25 முறை அடி விழும். 3000-ல் ஓடும்போது செகண்டுக்கு 100 முறை. ஒவ்வொரு அடிக்கும் கிராங்க் இரும்புக் கம்பிதான் என்றாலும் மயிரிழை முறுக்கிக்கொண்டு திரும்ப வரும். ஒரு முனையில் கனமான ஃப்ளைவீல் பிடித்திருக்கிறது, அதனால் மறுமுனை, அதாவது நம் புல்லி இருக்கும் மூக்குப் பக்கம்தான் அதிகம் துடிக்கும். குறிப்பிட்ட சில வேகங்களில் இந்தத் துடிப்பு கிராங்கின் சொந்தத் துடிப்போடு சேர்ந்து ஏறும். தூளியை ஆட்டுகிற கை, தூளியின் போக்கோடு சேர்ந்துகொண்டால் எப்படி உயரப் போகும், அது மாதிரி. வெளி வளையம் தன் கனத்தால் அந்தத் துடிப்புக்கு எதிராக நிற்கிறது, நடுவில் இருக்கும் ரப்பர் அதை வாங்கி வெப்பமாக்கிவிடுகிறது. டேம்பர் புல்லி என்று பெயர் வந்தது இதனால்தான்.

அலுமினியப் புல்லியில் ரப்பரும் கிடையாது, கனமும் கிடையாது. கனம் குறைந்தால் இன்ஜின் கொஞ்சம் சுருக்காக ஏறும், அது பொய்யில்லை. ஆனால் மாதவரம் ரவுண்டானாவில் முதல் கியரில் ஊர்கிற வண்டிக்கு அந்தச் சுருக்கு எதற்கு? அதற்கு விலையாகத் துடிப்பு முழுவதும் கிராங்குக்கும் ஆயில் பம்புக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் போகிறது. விட்டம் சின்னதாக இருந்தால் ஆல்டர்னேட்டரும் மெதுவாகச் சுற்றும், மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. மூன்றும் போட்டால் பேட்டரி வயிற்றில் அடி. ரேஸ் ஓட்டுபவர் இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார், அவர் கணக்கு வேறு. உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

இன்னொரு வைத்தியமும் நம் பக்கம் உண்டு. வழுக்குகிற வளையத்தை மையத்தோடு நான்கு இடத்தில் வெல்டிங் அடித்து ஒட்டிவிடுவது. அப்படி ஒட்டிய புல்லியை என் லேத்தில் கட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்திருக்கிறேன், முள் ஊஞ்சலாடியது. ரப்பர் கருகிப்போய், வளையம் கோணிக்கொண்டு, பெல்ட் ஓரம் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது. யாராவது "வெல்டிங் போதும்ணே" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உங்கள் புல்லி ஏன் போனது? இருபது வருஷத்துக்கு மேலான ரப்பர், இன்ஜின் சூடு, அதுவே போதும். அதன் மேல் எண்ணூர் கழிமுகப் பக்கம் அந்த டிசம்பரில் வீடு வரைக்கும் வந்த எண்ணெய்த் தண்ணீர். எண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பும், இளகும், ஒட்டிய இடம் விடும். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்குப் புல்லியோடு நிற்காது, பெல்ட்டுகள், டிரைவ் ஷாஃப்ட் பூட், புஷ் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லுவேன். கூடவே கடல்காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் நிற்கிற எந்த வண்டியிலும் நடு போல்ட் துரு ஏறி உட்கார்ந்திருக்கும். அதற்கும் தயாராகப் போங்கள்.

பாகம் வாங்கும்போது புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய புல்லி எடுக்காதீர்கள். கதவு, கண்ணாடி, ஆல்டர்னேட்டர் என்றால் நானே அங்கேதான் போவேன். ஆனால் உங்கள் ரப்பருக்கு வந்த வயசு அந்த ரப்பருக்கும் வந்திருக்கும். ஜி.பி. ரோட்டில் புதிதாகக் கேளுங்கள், பழைய புல்லியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். கண்ணாடி ஷோகேஸ் மேல் இரண்டையும் குப்புற வைத்து உயரம் பாருங்கள். பெல்ட் காடிகளின் எண்ணிக்கை, விட்டம், பின்பக்க ஆழம், கீ (கிராங்கில் புல்லியை நிறுத்தும் சின்ன இரும்புத் துண்டு) உட்காரும் பள்ளம், டைமிங் கோடுகள், எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆழத்தில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட பெல்ட் கோணலாக ஓடும்.

வாசலிலேயே செய்யலாமா? செய்யலாம், ஆனால் தெரு நம்ம தெரு. வெயில் காலத்தில் தார் இளகி ஜாக்கி மெதுவாக அமிழும். கீழே நல்ல பலகை போட்டு, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத்தான் கை உள்ளே போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது. பின் சக்கரத்துக்கு முட்டு, ஹேண்ட்பிரேக், பேட்டரி நெகட்டிவ் கழற்றியது, அப்புறம் வேலை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

பெல்ட்டுகளைக் கழற்றியதும் மிச்சம் இருப்பது அந்த நடு போல்ட்தான். வேலையே அதுதான். 17-ஓ 19-ஓ, சாக்கெட்டை வைத்து அசைத்துப் பார்த்து இறுக்கமாக உட்காருவதை எடுங்கள், ஆறு மூலை சாக்கெட்டாக இருக்கட்டும், பன்னிரண்டு மூலை வேண்டாம். முந்தின நாள் இரவே துருவிலக்கி எண்ணெய் அடித்து வைத்தால் புண்ணியம். பிறகு அரை இஞ்ச் டி-ராடு, அதில் ஒரு மீட்டர் பைப்.

இங்கே என் கதை ஒன்று. ஷெட்டில் சேர்ந்த இரண்டாம் வருஷம் இருக்கும். அப்போது எல்லாரும் செய்த குறுக்குவழி, டி-ராடைத் தரையில் முட்டக் கொடுத்து, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டுவது. கிராங்க் வலப்பக்கம் சுற்றும், ராடு நகராது, போல்ட் டக்கென்று விடும். மாருதியில் பத்து முறை செய்திருப்பேன். ஒருநாள் ஒரு சிட்டி வந்தது. அதே மாதிரி ராடை வைத்துத் தட்டினேன், விடவில்லை. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் ராடு எகிறி சேஸியில் அடித்தது, போல்ட் முன்பைவிட இறுகியிருந்தது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "டேய், ஹோண்டா எந்தப் பக்கம்டா சுத்தும்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கால ஹோண்டா இன்ஜின் சக்கரப் பக்கமிருந்து பார்த்தால் இடப்பக்கம் சுற்றும். போல்ட் மரை மட்டும் வழக்கமான மரைதான். ஆக ஸ்டார்ட்டர் தட்டத் தட்ட நான் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்றைக்கு அதைக் கழற்ற மூன்று ஆள் ஆயிற்று. எந்த வண்டியானாலும் இந்தக் குறுக்குவழி இப்போது எனக்கு வேண்டாம், ராடு எகிறினால் முழங்கை போகும். சிட்டியில் அதற்குப் பலனும் இல்லை.

கிராங்கைப் பிடித்துக்கொள்ள ஹோண்டாவே ஒரு வழி வைத்திருக்கிறது. புல்லியின் முகத்தில் 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இருக்கும், அதில் உட்காரும் பிடியை வாங்கலாம். நான் வாங்கியதில்லை. எம்33 நட்டின் வெளி அளவு சரியாக 50 மில்லிமீட்டர். அதன் மரையை லேத்தில் கடைந்து சாக்கெட் நுழையும் அளவுக்குத் துளையாக்கி, முக்கால் மீட்டர் பட்டை இரும்பில் வெல்டிங் வைத்தால் பிடி ரெடி. பட்டையை ஸ்டாண்டிலோ தரையிலோ முட்டக் கொடுத்துவிட்டு, நட்டின் துளை வழியாக சாக்கெட்டை விட்டு, பைப்பை இடப்பக்கம் அழுத்துங்கள். அந்தப் பிடி இல்லாதவர் ஐந்தாவது கியரில் போட்டு ஒருவரை பிரேக்கை அழுத்தி உட்காரச் சொல்லலாம், பாதி நேரம் அதுவும் வேலை செய்யும். போல்ட் விடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள்.

போல்ட் வந்ததும் புல்லி பெரும்பாலும் கையை வைத்து அசைத்தாலே வந்துவிடும். வராவிட்டால் வெளி வளையத்தில் மூன்று கால் புல்லரை மாட்டி இழுக்காதீர்கள், ரப்பர் பிய்ந்துவிடும். சுத்தியலும் வேண்டாம், கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கு அந்த அடி போகும். மையத்தின் பின்னால் இரண்டு பக்கமும் தட்டையான நெம்புகோல் வைத்து மாற்றி மாற்றி நெம்புங்கள், பிளாஸ்டிக் டைமிங் கவரில் ஊன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் உள்ளே பாருங்கள். புல்லிக்குப் பின்னால் எண்ணெய் வழிந்திருந்தால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. அதை மாற்ற டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். அப்பா கடைசியாக டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தால், இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு பல் தவறினாலும் இன்ஜின் சரியாக ஓடாது, பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். டைமிங் பெல்ட்டைத் தொடவில்லை என்றால் கிராங்கை வீணாகச் சுற்றாதீர்கள், சுற்றியே ஆக வேண்டுமானால் இடப்பக்கம் மட்டும்.

இப்போது கிராங்க் மூக்கைத் துணியால் துடைத்து, அந்தச் சின்ன கீயைப் பாருங்கள். சுண்டுவிரல் நகம் அளவு இரும்புத் துண்டு. புல்லியை அதுதான் இழுத்துச் சுற்றுகிறது என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். அதன் வேலை புல்லியைச் சரியான இடத்தில் உட்கார வைப்பது மட்டுமே. இழுப்பதெல்லாம் போல்ட்டின் இறுக்கம். போல்ட் இழுத்துப் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் அழுந்திக் கொள்கிற பிடிப்பில்தான் அத்தனை பாரமும் போகிறது. போல்ட் கொஞ்சம் தளர்ந்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் புல்லி முன்னும் பின்னும் அசையும், கீ சுத்தியலாக மாறி கிராங்கில் இருக்கும் பள்ளத்தை அடித்து அகலமாக்கும். என் பட்டறைக்கு வருகிற கிராங்க் மூக்குகளில் பாதி இப்படித்தான் வருகிறது. போன வருஷம் ஒன்று வந்தது, சதுரமாக இருக்க வேண்டிய பள்ளம் பூவரச இலை மாதிரி விரிந்திருந்தது. எங்கோ புல்லி மாற்றி, ஏர் கன்னால் டர்ர் என்று இரண்டு செகண்ட் இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி பள்ளம் வெட்டிக் கொடுத்தேன். ஆனால் கிராங்கைக் கழற்றி எடுக்க இன்ஜினையே இறக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் முடிய வேண்டிய வேலை எங்கே போய் நின்றது பாருங்கள்.

அதனால் மாட்டும்போது அவசரம் வேண்டாம். கிராங்க் மூக்கு, புல்லியின் உள்பக்கம், பின்முகம் எல்லாவற்றையும் தின்னரால் துடைத்து எண்ணெயே இல்லாமல் காய வையுங்கள், அந்த முகங்கள்தான் பிடிக்கப்போகின்றன. துருவை மெல்லிய எமரியால் லேசாகத் தடவினால் போதும், தேய்த்து அளவைக் குறைத்துவிடாதீர்கள். போல்ட் மரைக்கு மட்டும் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில். கீ நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, புல்லியைக் கையால் கடைசி வரை தள்ளி, போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். ஐந்தாறு சுற்று கையால் போகவில்லை என்றால் மரையில் ஏதோ இருக்கிறது.

இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்தான். இந்த ரக ஹோண்டா இன்ஜின்களுக்கு 165 முதல் 180 நியூட்டன் மீட்டர் வரை வரும், உங்கள் இன்ஜின் நம்பருக்கான சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் அளவுதான் கடைசி வார்த்தை. 180 என்றால் ஒரு மீட்டர் பைப் நுனியில் பதினெட்டு கிலோ தொங்கவிட்ட இறுக்கம். பாதி அளவில் ஒருமுறை, பிறகு முழு அளவில் ஒருமுறை. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒரு நாளுக்கு இரவல் வாங்குங்கள். "கையிலேயே தெரியும்ணே" என்பவரை நம்பாதீர்கள், எனக்கே முப்பது வருஷமாகியும் கையில் தெரிவதில்லை.

பெல்ட்டுகளை மாட்டி, இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும்படி வையுங்கள். பழைய பெல்ட் எண்ணெய் குடித்திருக்கும், புதியதே போடுங்கள். ஸ்டார்ட் செய்து சக்கரப் பக்கமிருந்து பாருங்கள், புல்லி ஆடாமல் ஒரே தட்டாகச் சுற்ற வேண்டும். டைமிங் லைட் இருக்கும் ஆளிடம் காட்டி இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தையும், பார்த்துவிடுங்கள். வெளி வளையம் வழுக்கிய புல்லியில் கோடுகளும் இடம் மாறியிருக்கும், யாராவது அந்தப் பொய்க் கோட்டைப் பார்த்து டைமிங்கைத் திருப்பி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளைக் கோடு டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), சிவப்புக் கோடுதான் இக்னிஷனுக்கு.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட் இறுக்கத்தை மறுபடி பாருங்கள், புது பெல்ட் கொஞ்சம் நீளும். புதுப் புல்லியிலும் ஒயிட்னரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு போட்டுப் பார்த்தபின் நேராகத்தான் இருந்தது என்றால் எனக்கு எழுதுங்கள். அப்போது இன்ஜெக்டர் கனெக்டர் சோதனையில் எந்த சிலிண்டரில் சத்தம் அமுங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.